பல வேலைக்கும் பொருந்தும் அனலாக் ஃபில்டர் வடிவமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வேலைக்குப் பொருந்தும் ஃபில்டர் என்றால் எது?

ஃபில்டர் என்பது சில அதிர்வெண்களை விட்டு, மற்றவற்றைத் தடுக்கும் சர்க்யூட். ஒரு இரண்டாம் வரிசை (இரண்டு கெபாசிட்டர் கொண்ட) ஃபில்டரின் குணத்தை மூன்று எண்கள் தீர்மானிக்கின்றன: மைய அதிர்வெண், க்யூ, பெருக்கம். க்யூ என்பது ஃபில்டர் தன் மைய அதிர்வெண்ணில் எவ்வளவு கூர்மையாக நடந்துகொள்கிறது என்பதன் அளவு. இந்த மூன்றில் ஒன்றைத் திருப்பும்போது மற்ற இரண்டும் அசையாமல் இருந்தால், அந்த சர்க்யூட்டை எந்த வேலைக்கும் இழுத்துக்கொள்ளலாம். லோ-பாஸ் (தாழ்ந்த அதிர்வெண்களை விடுவது), ஹை-பாஸ் (உயர்ந்தவற்றை விடுவது), பேண்ட்-பாஸ் (நடுப்பட்டையை மட்டும் விடுவது) எல்லாம் ஒரே பலகையில் வருகிறதா என்பதை அதற்கு அடுத்தபடியாகத்தான் பார்ப்பேன். ஒரு குமிழைத் தொட்டால் மூன்றும் சேர்ந்து நகரும் சர்க்யூட்டில் எத்தனை அவுட்புட் இருந்தாலும் பயன் குறைவு.

டிஜிட்டலில் எல்லாம் செய்ய முடிகிறதே, அனலாக் ஃபில்டர் இன்னும் எதற்கு?

சிக்னலை எண்ணாக மாற்றும் சிப்புக்கு முன்னால் ஒரு அனலாக் லோ-பாஸ் இருந்தே ஆக வேண்டும். மாதிரி எடுக்கும் வேகத்தில் பாதிக்கு மேல் இருக்கும் அதிர்வெண்கள் உள்ளே நுழைந்துவிட்டால், கீழே மடிந்து விழுந்து உண்மையான சிக்னலோடு கலந்துவிடும். பிறகு எந்த மென்பொருளாலும் அவற்றைப் பிரிக்க முடியாது. அது போக, தாமதமே இருக்கக் கூடாத கன்ட்ரோல் லூப், மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சென்சார், இசைக் கருவி என்று அனலாக் இன்னும் தேவைப்படும் இடங்கள் நிறைய.

எந்த சர்க்யூட்டில் தொடங்கலாம்?

ஸ்டேட்-வேரியபிள் ஃபில்டரில். கெர்வின், ஹ்யூல்ஸ்மன், நியூகோம்ப் என்ற மூவர் 1967-இல் வெளியிட்ட வடிவம் அது. அவர்கள் பெயர்களின் முதலெழுத்தைச் சேர்த்து கேஎச்என் என்றும் சொல்வார்கள். வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்க அனலாக் கணினிகளில் இன்டெக்ரேட்டர்களை (உள்ளீட்டை நேரத்தோடு கூட்டிச் சேர்க்கும் பகுதிகளை) இணைத்த அதே முறைதான் இதன் அடிப்படை. 3 ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கவும் கூட்டவும் உதவும் சிப் பகுதி) வேண்டும், நான்காவது ஒன்று கையில் இருந்தால் இன்னும் வசதி. ஒரே சிப்பில் நான்கு ஆப்-ஆம்ப் கிடைக்கும்போது எண்ணிக்கையைப் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று. உங்களுக்கு வேண்டியது ஒரே அதிர்வெண்ணில் நிற்கும், என்றைக்கும் மாறாத லோ-பாஸ் என்றால் இது வீண் செலவு. அதற்கு ஒரே ஆப்-ஆம்ப்பில் முடியும் சாலன்-கீ சர்க்யூட் போதும்.

ஸ்டேட்-வேரியபிள் எப்படி வேலை செய்கிறது?

முதல் ஆப்-ஆம்ப் கூட்டல் வேலை செய்கிறது. அதன் அவுட்புட்டில் ஹை-பாஸ் கிடைக்கும். அது முதல் இன்டெக்ரேட்டருக்குள் போய் பேண்ட்-பாஸாக வெளியே வருகிறது. அதுவே இரண்டாவது இன்டெக்ரேட்டருக்குள் போய் லோ-பாஸாக வருகிறது. லோ-பாஸையும் பேண்ட்-பாஸையும் மறுபடி கூட்டலுக்கே திருப்பி அனுப்புகிறோம். லோ-பாஸ் திரும்பும் பாதை மைய அதிர்வெண்ணை உருவாக்குகிறது. பேண்ட்-பாஸ் திரும்பும் பாதை ஒத்ததிர்வை அடக்குகிறது. அந்த இரண்டாவது பாதையை மட்டும் பலவீனமாக்கினால் க்யூ ஏறும், அதிர்வெண் அப்படியே நிற்கும். இந்த சர்க்யூட்டின் பெருமையே இதுதான்.

கூட்டலில் சிக்னல் எதிர்மறை உள்ளீட்டுக்குப் போகும் வடிவத்தை எடுத்துக்கொண்டால் இன்னொரு வசதியும் உண்டு. ஹை-பாஸும் லோ-பாஸும் ஒரே குறியில் வரும், பேண்ட்-பாஸ் எதிர்க் குறியில் வரும். முதல் இரண்டை மட்டும் கூட்டினால் நாட்ச் (ஒரு அதிர்வெண்ணை மட்டும் வெட்டுவது). அதோடு பேண்ட்-பாஸை 1/க்யூ பங்கு கூட்டினால் ஆல்-பாஸ் (அளவைத் தொடாமல் கட்டத்தை, அதாவது அலையின் நேர நிலையை, மட்டும் மாற்றுவது). கழிப்பதற்குத் தனி சர்க்யூட் வேண்டாம், நான்காவது ஆப்-ஆம்ப்பைக் கூட்டலாக வைத்தாலே போதும்.

1974-இல் வந்த ஓபர்ஹைம் எஸ்இஎம் சிந்தசைசரில் ஒரே குமிழ் லோ-பாஸிலிருந்து நாட்ச் வழியாக ஹை-பாஸுக்கு நகரும். ஒரு முனையில் லோ-பாஸ், மறு முனையில் ஹை-பாஸ், நடுவே இரண்டும் சமமாகக் கலக்கும் இடத்தில் நாட்ச். அவ்வளவு எளிது.

மதிப்புகளை எப்படிக் கணக்கிடுவது?

இரண்டு இன்டெக்ரேட்டரிலும் ஒரே ரெசிஸ்டர், ஒரே கெபாசிட்டர் என்று வையுங்கள். கூட்டலில் சிக்னலுக்கும், லோ-பாஸுக்கும், ஃபீட்பேக்குக்கும் மூன்று சம ரெசிஸ்டர்கள், ஒவ்வொன்றும் 10 கிலோஓம் என்று எடுக்கலாம். அப்போது:

மைய அதிர்வெண் = 1 ÷ (6.283 × ரெசிஸ்டர் × கெபாசிட்டர்)

10 கிலோஓம், 10 நானோஃபாரட் என்றால் 1592 ஹெர்ட்ஸ். 16 கிலோஓம், 10 நானோஃபாரட் என்றால் 995 ஹெர்ட்ஸ். 1 கிலோஹெர்ட்ஸுக்கு இது போதுமான அளவு பக்கம்.

க்யூவுக்கு பேண்ட்-பாஸ் அவுட்புட்டிலிருந்து கூட்டலின் நேர்மறை உள்ளீட்டுக்கு ஒரு மேல் ரெசிஸ்டர், அங்கிருந்து தரைக்கு ஒரு கீழ் ரெசிஸ்டர்:

க்யூ = (1 + மேல் ÷ கீழ்) ÷ 3

க்யூ 0.707 வேண்டுமானால் விகிதம் 1.12. க்யூ 10 வேண்டுமானால் விகிதம் 29, அதாவது கீழே 1 கிலோஓம், மேலே 29 கிலோஓம். கைக்குக் கிடைக்கும் 30 கிலோஓமைப் போட்டால் க்யூ 10.3 ஆகும். அந்த வித்தியாசத்தை யாரும் கவனிக்கப் போவதில்லை.

இதையே மாறும் ஃபில்டராக்க, இரு இன்டெக்ரேட்டரிலும் 10 கிலோஓம் நிலையான ரெசிஸ்டரோடு 100 கிலோஓம் இரட்டைப் பொட்டென்ஷியோமீட்டரின் (ஒரே குமிழில் சேர்ந்து திரும்பும் இரண்டு மாறும் ரெசிஸ்டர்) ஒவ்வொரு பாதியையும் தொடராக வையுங்கள். ரெசிஸ்டர் 10-லிருந்து 110 கிலோஓம் வரை போகும், அதாவது 11 மடங்கு. கெபாசிட்டர் ஜோடிகளை ஸ்விட்ச் மூலம் மாற்றினால் 100 நானோஃபாரட்டில் சுமார் 14.5 முதல் 159 ஹெர்ட்ஸ், 10 நானோஃபாரட்டில் 145 முதல் 1592 ஹெர்ட்ஸ், 1 நானோஃபாரட்டில் 1.45 முதல் 15.9 கிலோஹெர்ட்ஸ். ஒலி அதிர்வெண்களில் ஏறக்குறைய எல்லாமே அடங்கிவிட்டது, எல்லைகளில் கொஞ்சம் மேற்படிவும் இருக்கிறது.

ஒரே கெபாசிட்டரை வைத்துக்கொண்டு ரெசிஸ்டரை மட்டும் 1000 மடங்கு மாற்ற ஆசைப்படாதீர்கள். மெகாஓம்களில் இரைச்சலும் ஆப்-ஆம்ப்பின் உள்ளீட்டு மின்னோட்டமும் தொல்லை கொடுக்கும்.

பொட்டென்ஷியோமீட்டர் லீனியரா, லாக்கா?

இந்த இணைப்பில் அதிர்வெண் ரெசிஸ்டருக்குத் தலைகீழாக மாறுகிறது. லீனியர் (திருப்பும் அளவுக்கே மின்தடை மாறுவது) போட்டால் குமிழின் ஒரு முனையில் எல்லாம் குவிந்துவிடும், மீதிப் பகுதியில் ஏதும் நடக்காதது போலத் தோன்றும். ரிவர்ஸ் லாக் (மடங்கு மடங்காக, தலைகீழாக மாறுவது) சரி. அது கிடைக்காவிட்டால் சாதாரண லாக்கைத் திருப்பி இணைக்கலாம், ஆனால் இடப்பக்கம் திருப்பினால் அதிர்வெண் ஏறும்.

இரட்டைப் பொட்டென்ஷியோமீட்டரின் இரு பாதியும் ஒன்றாக நகர்வதில்லையே?

நகராதுதான், லாக் வகையில் இன்னும் மோசம். ஆனால் இந்த சர்க்யூட் அதைப் பெருந்தன்மையோடு எடுத்துக்கொள்கிறது. மைய அதிர்வெண் இரு இன்டெக்ரேட்டர்களின் பெருக்குச் சராசரி. ஒரு பக்கம் 10 சதவீதம் தவறினால் அதிர்வெண் சுமார் 5 சதவீதம் நகரும், க்யூவும் அதே அளவுதான் மாறும். அளவீட்டுக் கருவிக்கு இது பிரச்சினை. காதால் கேட்டுத் திருப்பும் கருவிக்கு இல்லை.

சாலன்-கீயை ஏன் முதல் தேர்வாகச் சொல்லவில்லை?

சாலனும் கீயும் 1955-இல் வெளியிட்ட இந்த அமைப்பு ஒரே ஆப்-ஆம்ப்பில் இரண்டாம் வரிசை ஃபில்டரைத் தருகிறது. சிக்கனமானது, நல்லது. க்யூ 1-ஐ ஒட்டி இருக்கும் வரை நானும் அதையே சொல்வேன். மேலே போனால்தான் வம்பு.

சம ரெசிஸ்டர், சம கெபாசிட்டர் வடிவத்தில் க்யூ = 1 ÷ (3 − பெருக்கம்). பட்டர்வொர்த் எனப்படும் தட்டையான வகைக்கு (க்யூ 0.707) பெருக்கம் 1.586. க்யூ 10 வேண்டுமானால் பெருக்கம் 2.9. இப்போது ரெசிஸ்டர் பிழையால் பெருக்கம் 1 சதவீதம் ஏறி 2.929 ஆகிவிட்டது என்று வையுங்கள். க்யூ 14-ஆகக் குதிக்கும். 1 சதவீதம் இறங்கினால் 7.75. பெருக்கம் 3-ஐத் தொட்டால் அது ஃபில்டராக இருப்பதை விட்டு ஆஸிலேட்டர் ஆகிவிடும். பெருக்கத்தை 1-ஆகவே வைத்து க்யூவைக் கெபாசிட்டர் விகிதத்தால் எடுக்கலாமே என்றால், க்யூ 10-க்கு ஒன்று மற்றதைவிட 400 மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். அதுவும் ஒத்துவராது. ஸ்டேட்-வேரியபிளில் இதே 1 சதவீதப் பிழை க்யூவையும் ஏறத்தாழ 1 சதவீதமே நகர்த்தும்.

சாலன்-கீ லோ-பாஸில் இன்னொரு குறையும் உண்டு. மிக உயர்ந்த அதிர்வெண்களில் ஆப்-ஆம்ப்பின் அவுட்புட் மின்தடை ஏறுவதால், முதல் கெபாசிட்டர் வழியாக சிக்னல் நேரே அவுட்புட்டுக்குக் கசியும். கீழே இறங்கிக்கொண்டே வந்த வளைவு ஓரிடத்தில் திரும்பி மேலே ஏறும். ரேடியோ அதிர்வெண் இரைச்சல் உள்ள இடங்களில் இது கடிக்கும். பின்னால் ஒரு சாதாரண ஆர்-சி (ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர்) வைத்துவிட்டால் பெரும்பாலும் அடங்கும்.

பட்டர்வொர்த், பெஸ்ஸல், செபிஷேவ் மூன்றும் மூன்று சர்க்யூட்டா?

இல்லை. சர்க்யூட் ஒன்றேதான், க்யூ மட்டும் வேறு. இரண்டாம் வரிசையில் பெஸ்ஸலுக்கு க்யூ 0.577, பட்டர்வொர்த்துக்கு 0.707, 1 டெசிபெல் அலைவுள்ள செபிஷேவுக்கு 0.957. இதோடு கட்-ஆஃபுக்கு (சிக்னல் குறையத் தொடங்கும் எல்லை அதிர்வெண்) ஏற்ப மைய அதிர்வெண்ணையும் சற்று நகர்த்த வேண்டும். பட்டர்வொர்த்தில் மட்டும் இரண்டும் ஒன்றே. பல வேலைக்குமான சர்க்யூட்டைக் கட்டிவிட்டால் இந்தப் பெயர்களெல்லாம் குமிழின் நிலைகளாகச் சுருங்கிவிடும்.

தேர்வு என்று கேட்டால்: துடிப்பின் வடிவம் கெடக் கூடாது என்றால் பெஸ்ஸல். கடந்துபோகும் பகுதி தட்டையாக இருக்க வேண்டும் என்றால் பட்டர்வொர்த். சரிவு செங்குத்தாக வேண்டும், கொஞ்சம் அலைவு பரவாயில்லை என்றால் செபிஷேவ். எதுவும் தோன்றாவிட்டால் பட்டர்வொர்த்.

க்யூ 0.707 உள்ள இரண்டை அடுத்தடுத்து வைத்தால் நான்காம் வரிசை பட்டர்வொர்த் ஆகாதா?

ஆகாது. கட்-ஆஃபில் ஒவ்வொன்றும் 3 டெசிபெல் குறைப்பதால் மொத்தம் 6 டெசிபெல் குறையும். ஸ்பீக்கர் கிராஸ்ஓவரில் பயன்படும் லிங்க்விட்ஸ்-ரைலி என்பது அதுதான், அங்கே அப்படித்தான் வேண்டும். உண்மையான நான்காம் வரிசை பட்டர்வொர்த்துக்கு ஒன்றில் க்யூ 0.541, மற்றதில் 1.307. க்யூ குறைந்ததை முன்னால் வையுங்கள், உயர்ந்தது சீக்கிரம் க்ளிப் ஆகும், அதாவது அலையின் உச்சி வெட்டுப்படும்.

நாட்ச் போதுமான ஆழத்தில் வரவில்லை. ரெசிஸ்டரை இன்னும் துல்லியமாகப் போடவா?

அது நாட்சை எப்படி எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

உள்ளீட்டிலிருந்து பேண்ட்-பாஸைக் கழித்து நாட்ச் எடுத்தால், ஆழம் முழுக்க ரெசிஸ்டர் பொருத்தத்தின் கையில் இருக்கிறது. 1 சதவீதப் பிழை இருந்தால் 40 டெசிபெல்லோடு நின்றுவிடும், 0.1 சதவீதம் என்றால் 60.

ஹை-பாஸையும் லோ-பாஸையும் கூட்டி எடுத்தால் கதை வேறு. கூட்டும் ரெசிஸ்டர்கள் சமமாக இல்லாவிட்டாலும் ஆழம் கெடாது, நாட்ச் இருக்கும் இடம்தான் கொஞ்சம் நகரும். ஏனென்றால் சமன்பாட்டில் ஒரே குறி இருந்தாலும், சிக்னலாக இந்த இரண்டும் எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றுக்கொன்று 180 டிகிரி எதிராகவே இருக்கின்றன. அளவு எங்கே சமமாகிறதோ அங்கே முழுக்க அடித்துக்கொள்ளும். இந்த முறையில் ஆழத்தைக் கெடுப்பவை இன்டெக்ரேட்டரின் கட்டப் பிழைகள்: ஆப்-ஆம்ப்பின் வேகம் போதாமை, கெபாசிட்டரின் உள் இழப்பு. இங்கே விலை உயர்ந்த ரெசிஸ்டர் வாங்குவது மருந்தை மாற்றிக் குடிப்பது போல. வேகமான ஆப்-ஆம்ப்பும் நல்ல கெபாசிட்டரும்தான் உதவும்.

எந்த ஆப்-ஆம்ப்?

பெருக்க-பட்டை அகலப் பெருக்கலை, அதாவது ஆப்-ஆம்ப் எவ்வளவு வேகமானது என்பதன் அளவை, பாருங்கள். ஆப்-ஆம்ப்பின் தாமதம் இந்த வகை ஃபில்டரில் க்யூவைத் தானாக ஏற்றிவிடும். தோராயமாக:

உண்மையான க்யூ = க்யூ ÷ (1 − 4 × க்யூ × மைய அதிர்வெண் ÷ பெருக்க-பட்டை அகலப் பெருக்கல்)

க்யூ 10, அதிர்வெண் 15.9 கிலோஹெர்ட்ஸ், ஆப்-ஆம்ப் 3 மெகாஹெர்ட்ஸ் என்றால் க்யூ 12.7 ஆகிவிடும். 10 மெகாஹெர்ட்ஸ் உள்ள என்இ5532 போன்றதில் 10.7 தான். 1 மெகாஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள எல்எம்358-ஐ இந்த இடத்தில் போட்டால் க்யூ 27-ஐத் தாண்டும், குமிழை இன்னும் கொஞ்சம் திருப்பினால் தானாகவே பாட ஆரம்பிக்கும். மெதுவான சென்சார் சிக்னலுக்கு அதே எல்எம்358 தாராளமாகப் போதும்.

என்இ5532-க்கு உள்ளீட்டு மின்னோட்டம் அதிகம் என்பதால் 100 கிலோஓம் பக்கம் டிசி நகர்வு தெரியும். அங்கே டிஎல்072 போன்ற ஜேஃபெட் உள்ளீட்டு வகை வசதி.

கெபாசிட்டரில் இவ்வளவு கவனம் வேண்டுமா?

வேண்டும். முதல் காசை இதில்தான் போடுவேன். செராமிக்கில் சி0ஜி வகையின் மாற்றம் ஒரு டிகிரிக்கு பத்து லட்சத்தில் 30 பங்குக்குள். எக்ஸ்7ஆர் வகை வெப்ப எல்லைக்குள் 15 சதவீதம் வரை நகரலாம். அதைவிட மோசம், அதன் மதிப்பு வோல்டேஜோடு சேர்ந்து மாறும். சிக்னல் ஏறி இறங்கும்போது கட்-ஆஃபும் சேர்ந்து ஆடினால் அதற்குப் பெயர் டிஸ்டார்ஷன். 10 நானோஃபாரட்டுக்கு மேல் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் பிலிம் போடுங்கள். எக்ஸ்7ஆரைச் சப்ளை பின்னுக்குப் பக்கத்தில் வையுங்கள், அதன் இடம் அதுதான்.

ரெசிஸ்டர் மதிப்பு எந்த வரம்புக்குள்?

ஒலிக்கு 2 முதல் 100 கிலோஓம். 10 கிலோஓமின் வெப்ப இரைச்சல் 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் சுமார் 1.8 மைக்ரோவோல்ட், 100 கிலோஓமில் 5.8. கீழே போனால் ஆப்-ஆம்ப்புக்குச் சுமை.

அவுட்புட் சுத்தமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் டிஸ்டார்ஷன் கேட்கிறது. எங்கே தேடுவது?

மற்ற அவுட்புட்களில். மேலே சொன்ன வடிவத்தில் மைய அதிர்வெண்ணில் மூன்று அவுட்புட்டும் உள்ளீட்டைப் போல க்யூ மடங்கு இருக்கும். க்யூ 10 என்றால் 1.5 வோல்ட் உச்சம் 15 வோல்ட்டாக வளரப் பார்க்கும், ±15 வோல்ட் சப்ளையில் அதற்கு இடமில்லை. நாட்ச் அவுட்புட்டில் ஏறக்குறைய ஒன்றுமே தெரியாத அதே நேரத்தில் உள்ளே இருக்கும் மூன்றும் க்ளிப் ஆகிக்கொண்டிருக்கலாம். ஆஸிலோஸ்கோப்பை ஒவ்வொரு ஆப்-ஆம்ப்பிலும் வைத்துப் பாருங்கள். தீர்வு, க்யூ ஏறும்போது உள்ளீட்டைக் குறைப்பது.

5 வோல்ட் ஒற்றைச் சப்ளையில் ஓடுமா?

ஓடும். பாதி வோல்டேஜில் ஒரு செயற்கைத் தரை உருவாக்குங்கள், அதை ஆப்-ஆம்ப் பஃபர் மூலம் கொடுங்கள். வெறும் இரண்டு ரெசிஸ்டரில் விட்டால் எல்லாப் பகுதிகளும் அதன் வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ஆப்-ஆம்ப் ரெயில்-டு-ரெயில் (சப்ளையின் இரு எல்லை வரையும் போகும்) வகையாக இருக்கட்டும். உயர்ந்த க்யூவை மறந்துவிடுங்கள்.

குமிழுக்குப் பதில் வோல்டேஜால் அதிர்வெண்ணை மாற்ற?

எல்எம்13700 போன்ற ஓடிஏ. இது வோல்டேஜை வாங்கி மின்னோட்டத்தைக் கொடுக்கும். எவ்வளவு கொடுக்கும் என்பதை ஒரு கட்டுப்பாட்டு மின்னோட்டம் முடிவு செய்கிறது. அறை வெப்பத்தில் அதன் கடத்தல் திறன் கட்டுப்பாட்டு மின்னோட்டத்தைப் போல சுமார் 19 மடங்கு, 500 மைக்ரோஆம்பியரில் 9.6 மில்லிசீமன்ஸ். ஓடிஏ-யின் அவுட்புட்டில் ஒரு கெபாசிட்டரை வைத்தால் அதுவே இன்டெக்ரேட்டர். ஒரு சிப்பில் இரண்டு ஓடிஏ, இரண்டு பஃபர் இருப்பதால் ஒரு ஸ்டேட்-வேரியபிளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. கட்டுப்பாட்டு மின்னோட்டத்தைப் பல பதின்மடங்கு மாற்றலாம், அதனால் கெபாசிட்டர் ஸ்விட்ச்கூட வேண்டாம்.

விலை இரண்டு இடத்தில் கொடுக்க வேண்டும். உள்ளீட்டில் 10, 20 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் நேர்கோட்டுத்தன்மை போய்விடும். ஆகவே சிக்னலைக் குறைத்து உள்ளே விட்டு, பிறகு மீட்க வேண்டும், இரைச்சல் ஏறும். அடுத்தது வெப்பம்: ஒரு டிகிரிக்கு அதிர்வெண் சுமார் 0.33 சதவீதம் நகரும். சுருதி முக்கியம் என்றால் வெப்பத்தைச் சரிக்கட்டும் ரெசிஸ்டர் தவிர்க்க முடியாதது.

டிஜிட்டல் பொட்டென்ஷியோமீட்டரும் ஒரு வழிதான். ஆனால் பலவற்றில் மொத்த மின்தடையே 20 சதவீதம் வரை தவறி இருக்கும். இரண்டும் ஒரே சிப்பில் இருக்கும்படி வாங்கினால், ஒன்றுக்கொன்று பொருந்தவாவது செய்யும்.

ஸ்விட்ச்டு-கெபாசிட்டர் சிப்?

எம்எஃப்10 போன்றவற்றில் ரெசிஸ்டருக்குப் பதில் க்ளாக்கால் ஸ்விட்ச் ஆகும் கெபாசிட்டர் இருக்கும், மைய அதிர்வெண் க்ளாக்கின் 50-இல் ஒரு பங்கு அல்லது 100-இல் ஒரு பங்கு. க்ளாக்கை மாற்றினால் ஃபில்டர் நகரும், துல்லியம் அருமை. ஆனால் அதுவும் சிக்னலை மாதிரி எடுக்கும் சர்க்யூட், முன்னாலும் பின்னாலும் ஒரு சின்ன ஆர்-சி வேண்டும், இரைச்சலும் கூடுதல்.

சிமுலேஷனில் சரியாக இருந்தது, போர்டில் ஆஸிலேட் ஆகிறது.

எல்டிஸ்பைஸ் என்ற சிமுலேஷன் மென்பொருளில் இலட்சிய ஆப்-ஆம்ப்பை வைத்துப் பார்த்திருந்தால் அது பொய் சொல்லத்தான் செய்யும். உண்மையான மாடலைப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். போர்டில் முதலில் பார்க்க வேண்டியது ஒவ்வொரு சப்ளை பின்னுக்கும் ஒட்டி 100 நானோஃபாரட் இருக்கிறதா என்பது. அப்புறம், அவுட்புட்டில் நீளமான கேபிள் தொங்கினால் 100 ஓம் தொடராக வையுங்கள். ஆப்-ஆம்ப்பின் எதிர்மறை உள்ளீட்டுக்குப் போகும் கம்பிகளைக் குட்டையாக்குங்கள், அங்கே சில பிகோஃபாரட்டே போதும் கெடுப்பதற்கு.

கட்டி முடித்ததும் மைய அதிர்வெண்ணையும் க்யூவையும் எப்படி அளப்பது?

உச்சத்தைக் கண்ணால் தேடாதீர்கள், அதன் மேற்பகுதி தட்டையாக இருப்பதால் ஏமாற்றும். ஆஸிலோஸ்கோப்பை எக்ஸ்-ஒய் முறையில் வைத்து உள்ளீட்டை ஒரு பக்கமும் பேண்ட்-பாஸை மறுபக்கமும் கொடுங்கள். ஜெனரேட்டரைத் திருப்பத் திருப்ப நீள்வட்டம் ஒடுங்கும். அது நேர்கோடாக மாறும் அதிர்வெண்தான் மைய அதிர்வெண். க்யூவுக்கு, அங்கிருந்து இரு பக்கமும் அளவு 0.707 மடங்காகக் குறையும் அதிர்வெண்களைக் குறித்துக்கொண்டு, மைய அதிர்வெண்ணை அவற்றின் வித்தியாசத்தால் வகுங்கள். 975-லும் 1025-லும் குறைந்தால் வித்தியாசம் 50 ஹெர்ட்ஸ், மையம் 1 கிலோஹெர்ட்ஸ், க்யூ 20.